காலை ஏழு மணிக்கு ஒரு சாவி

நடுப்பாறை,
கூக்கால் வழி.
22.06.2025, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

முருகேஸ்வரி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் ஸ்வேதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். விசாரிக்கத்தான் வழியில்லாமல் செய்துவிட்டீர்களே. பதினேழு தடவை போன் போட்டேன், ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கும் விஷயம் வேலுமணி சொல்லித்தான் தெரிந்தது. அவன் பூண்டு வண்டி வாரம் இரண்டு தடவை உங்கள் தெரு வழியாகப் போகிறது. அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். காகிதத்தைத் தடுத்து வைக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்து நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்காட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஜீப்புக்கு மேலேயிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஆக்னல் சார் ஏறாத ஆபீஸ் இல்லை. அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டப் போனதிலிருந்து அந்த ஏழு பிள்ளைகளும் வீட்டில்தான் கிடக்கிறார்கள். நான்கு கிலோமீட்டர் பாதை, நடுவில் காட்டுமாடு. யார் தனியாக அனுப்புவார்கள்?

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தலை எண்ண வருகிறார்கள். இருபதுக்குக் குறைந்தால் பிரின்ஸி டீச்சரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சார் பயப்படுகிறார். பிறகு ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். கீழே நம் ஊரில் பன்னிரண்டு, மேல்காட்டில் ஏழு, ஸ்வேதா ஒன்று. அவளையும் சேர்த்தால்தான் இருபது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நானும் மூன்று வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் வந்தார்கள். மேல்காட்டிலிருந்து ஒரு ஆள் இல்லை. பெற்றவர்களுக்கே அக்கறை இல்லாவிட்டால் நான் என்னதான் செய்வது?

நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்புமுன் நடந்த கூட்டத்தில் நான் பேசியது அதிகம்தான். "காசுக்கு ஓட்டுறவன் காசு வரலேன்னா இறங்கி ஓடத்தான் செய்வான்" என்று கூடப்பிறந்தவரை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் மதினி, ஏப்ரல் வரைக்கும் பணம் வந்ததுதானே. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்வேதாவின் டி.சி.யை ஆகஸ்ட் தாண்டிக் கொடுங்கள் என்று சாரிடம் கேட்டது நான்தான். அதற்குள் உங்கள் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. பிள்ளையை அனுப்பிவையுங்கள். நம் வீட்டில் என் மகனோடு இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கோபத்துக்கு ஆளான நாத்தனார்,
முருகேஸ்வரி


நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
27.06.2025

முருகேஸ்வரிக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நாங்கள் சுகமாக இல்லை. டி.சி. வராததால் ஸ்வேதாவின் பெயர் இங்கே இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு முடிகிறவரை இவளை மட்டும் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். நேற்று வந்து, "அம்மா, நான் எந்த ஸ்கூல் பிள்ளை?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? உன் அத்தையைக் கேள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் வரைக்கும் பணம் வந்ததுதானே என்று எழுதியிருக்கிறாய். வரவில்லை. நவம்பரோடு நின்றுவிட்டது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் முடிய உன் அண்ணன்தான் டீசல் போட்டார். இந்த வருடம் கேரட் விற்றது முழுக்க அந்த ஜீப் குடித்துவிட்டது. "முருகேசுகிட்ட சொல்லிராத, தலைவியா இருக்கா, சங்கடப்படுவா" என்று எனக்கும் சாருக்கும் வாயைக் கட்டினார். மே மாதம் ஒன்றும் மிச்சமில்லாமல்தான் வேன் ஓட்ட வந்தோம். அந்த மனுஷனைத்தான் நீ ஊர் முன்னால் அப்படிச் சொன்னாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. உன்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, என்னையும் திட்ட விடவில்லை.

மேல்காட்டுக்காரர்களுக்கு அக்கறை இல்லையாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் முருகேஸ்வரி? உன் பூண்டுக் காட்டில்தான், குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பார்கள். கூலி கொடுக்கிறவளும் நீ, கூட்டத்துக்கு வரவில்லை என்று கோபப்படுகிறவளும் நீ.

நானும் மேல்காட்டுக்காரிதான், உனக்கு மறந்திருக்கும். எங்கள் அம்மா வேலைக்கு இறங்கும்போது நானும் கூடவே இறங்குவேன். இருபது பெண்கள் பேசிக்கொண்டே நடந்தால் காட்டுமாடு கிட்டே வராது. ஏழு மணிக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக் கேட்டில் விட்டுவிட்டு அம்மா காட்டுக்குப் போய்விடும். கேட் திறக்க ஒன்பது ஆகும். அதுவரை பனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ இரட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டி ஒன்பது மணிக்கு வருவாய். "ஏன்டி இம்புட்டு வெள்ளனே வந்துட்ட?" என்று கேட்பாய். ஐந்து வருடமும் கேட்டாய்.

அந்தப் பெண்கள் இன்றைக்கும் அதே நேரத்துக்குத்தான் இறங்குகிறார்கள். கேட்டும் அதே மாதிரி பூட்டித்தான் கிடக்கிறது. பிள்ளையை இரண்டு மணி நேரம் ரோட்டில் நிறுத்திவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்?

நான் நின்றது போதும், என் மகளும் நிற்க வேண்டாம். டி.சி.யை அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

புவனா


நடுப்பாறை,
13.07.2025, ஞாயிறு

அன்புள்ள மதினிக்கு,

டி.சி. இதோடு இருக்கிறது. வேறு எதுவும் எழுதாதே என்றீர்கள். இதற்கு மேல் படிக்காமல் மடித்து வைத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே சாரிடம் போனேன். கணினியில் ஸ்வேதாவின் பெயரை எடுக்க இந்த மழையில் அவருக்கு நெட் கிடைக்காமல்தான் இத்தனை நாள். கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்தி, "யோசிச்சீங்களாம்மா? மேல்காட்டுப் பிள்ளைங்க அத்தனை பேரும் வந்தாக்கூட இனி பத்தொன்பதுதான்" என்றார். எழுதுங்க சார் என்றேன். பிள்ளையை வெளியே நிறுத்தியது நான். அதற்கு நான் என்ன சாக்குச் சொன்னாலும் அது சாக்குத்தான்.

அண்ணன் டீசல் போட்ட விஷயத்தைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பால் பொங்கிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். அவரிடமும் சொன்னேன்.

அடுத்த நாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டில் போய் நின்றேன். பனியில் முதலில் பேச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் வந்த கந்தம்மாள் என்னைப் பார்த்துப் பதறிப்போய், "என்னம்மா, வீட்ல யாருக்கும் முடியலையா, இந்நேரத்துக்கு ரோட்ல நிக்கிறீங்க?" என்றாள். ஒன்பது வருடமாக என் காட்டில் வேலை செய்கிறவள். அவள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை மதினி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை டிபன் சமைக்கிற மகாதேவி அந்நேரம் அடுப்பு மூட்டியிருந்தாள். அவளிடம் இருப்பது சமையலறைச் சாவி, அது ரோட்டைப் பார்த்த தனி அறை. கேட்டுச் சாவி சாரோடு ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறது. ஜீப்புப் பணத்துக்கு நான் பதினோரு மனு எழுதியிருக்கிறேன். இரண்டாவது சாவி ஒன்று போடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் தேதி வெள்ளிக்கிழமை கூட்டத்தைப் பூண்டுக் காட்டிலேயே வைத்தேன், பதினோரு மணிக்கு டீ குடிக்கிற நேரத்தில். இருபத்தேழு பேர். தீர்மான நோட்டைப் பூண்டுச் சாக்கின் மேல் வைத்து எழுதினோம். மகாதேவி கையில் ஒரு கேட்டுச் சாவி. பிள்ளைகள் காலையில் வேலைக்காரப் பெண்களோடு இறங்குவார்கள், சாயங்காலம் அவர்களோடேயே ஏறுவார்கள். எல்லாம் பேசி முடித்தபிறகு கந்தம்மாள், "சரிங்கம்மா, ஏழு மணியிலேருந்து டீச்சர் வர்ற வரைக்கும் பிள்ளைக கூட யாரு இருப்பா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருக்கேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். உங்கள் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் தூங்கிப்போய், பெரியப்பா மகளைக் கூப்பிட்டுப் போடவைத்த கதை இந்த ஊருக்கே தெரியும். அந்த முருகேஸ்வரிதான் இப்போது தினமும் ஆறரைக்குக் குல்லா மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கிறாள்.

இன்று வரை ஏழு பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்று குறைகிறது. பார்ப்போம்.

முருகேஸ்வரி


கொடைக்கானல்,
18.07.2025

முருகேசு,

டி.சி. கொடுத்தாயிற்று. ஸ்வேதா உள்ளே உட்காருகிறாள், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததாம். அத்தைக்குச் சொல்லச் சொன்னாள்.

பத்தொன்பது என்று தெரிந்தும் நீ அனுப்பியது என்னைத் தொந்தரவு செய்கிறது. திட்டி ஒரு கடிதம் மனசில் எழுதி வைத்திருந்தேன், அது வீணாகிவிட்டது. ஸ்வேதாவைத் திருப்பி அனுப்ப முடியாது, அதை எதிர்பார்க்காதே. அவள் எங்களோடுதான் இருப்பாள். உன் அண்ணனுக்குச் சோலி இங்கேதான்.

அவர் ஒன்று சொல்லச் சொன்னார். கன்னிவாடிப் பக்கமிருந்து சிலர் பூண்டு வேலைக்கு வந்து, ஓடைக்கு மேலே தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருக்கிறார்களாம். ஜீப் ஓட்டும்போது அங்கே பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாராம். "வரப்புலயே உக்காந்திருக்குங்க. எந்தக் கணக்குலயும் இருக்காதுங்க, முருகேசை வெரசாப் போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். உன்மேல் கோபம் இருந்தால் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

எத்தனை ஆனது என்று எழுது.

புவனா


நடுப்பாறை,
02.08.2025, சனி

அன்புள்ள மதினிக்கு,

இருபத்திரண்டு.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். அந்தக் கொட்டகையில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். என் காட்டுக்கு அடுத்த காடு. நான் தினம் பார்த்திருப்பேன், பார்க்காமலே போயிருப்பேன். பெரியவள் இரண்டாம் வகுப்பு வரை ஊரில் படித்திருக்கிறாள். பெயர் மட்டும் எழுதத் தெரிகிறது, அதையும் பலகை முழுக்கப் பெரிதாக எழுதுகிறாள்.

நேற்று அதிகாரி வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒரு தடவை எண்ணினார், உட்காரவைத்து மறுபடி எண்ணினார். சாரும் கூடவே வாய்க்குள் எண்ணினார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு டீச்சரும் இருக்கலாம்" என்றார். பிரின்ஸி டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்றுமில்லாததை அழித்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பிள்ளைகள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜீப்புப் பணம் இன்னும் வரவில்லை. ஐப்பசி மழையில் அந்தப் பாதையில் எப்படி நடப்பார்கள் என்று தெரியவில்லை. பன்னிரண்டாவது மனு எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை கீழே நாற்பது பேர் கையெழுத்து இருக்கிறது. அண்ணனுக்கு வரவேண்டிய ஐந்து மாதத்தையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

நேற்று அதிகாரி போனபிறகு கூட்டம் வைத்தோம். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எழுந்து நின்று சொன்னேன். நோட்டில் ஏற்றச் சொன்னேன். இதெல்லாம் நோட்டில் எழுதுகிற விஷயமில்லை என்று சார் தயங்கினார். "எழுதுங்க சார், அன்னிக்கு அதைச் சொல்லும்போது நாங்களும்தானே கேட்டுக்கிட்டிருந்தோம்" என்றாள் மகாதேவி. பிரதி கீழே.

"தீர்மானம் 1: காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயிலைத் திறக்கும் ஏற்பாடு தொடர வேண்டும். இதைச் சொன்னவர் இப்பள்ளியின் பழைய மாணவி புவனா.

தீர்மானம் 2: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பணம் வராத ஐந்து மாதமும் ஜீப் ஓட்டுநர் செந்தில்வேல் தம் சொந்தச் செலவில் பிள்ளைகளை ஏற்றி வந்தார். அவரைப் பற்றித் தலைவி முன்பு கூறியது தவறு. தலைவி வருந்துகிறார். கூட்டம் அவருக்கு நன்றி சொல்கிறது."

கீழே முப்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

உங்கள்,
முருகேசு


கொடைக்கானல்,
05.08.2025

அன்புள்ள முருகேசு,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

பிரதியை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, வேன் டயரில் காற்று இறங்கின மாதிரி இருக்கிறது என்று வெளியே போனார். அரை மணி நேரம் ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் அதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? மழைக் காலத்தில் டூரிஸ்ட் குறைவுதான், அடைமழை நாட்களில் வந்து ஜீப்பை ஓட்டுகிறேன், டீசலை ஊர் போடட்டும் என்கிறார். இதையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

பழைய மாணவி என்று என் பெயரைப் பார்த்ததும் எனக்கும் ஏதோ மாதிரி இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து நோட்டில் என் பெயர் வருகைப் பதிவுக்கு மேல் எதிலும் வந்ததில்லை.

சனிக்கிழமை வருகிறோம். நாட்டுக்கோழி அடித்து வை, உன்னிடம் விட்டுவந்த என் கோழியைத் தொடாதே. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீதான் முதலில் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

இது கிடைத்த மறுநாள் காலையிலேயே கூப்பிடு, சரியாக ஏழு மணிக்கு. பேச வேண்டாம், போனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு உள்ளே நில். அந்நேரத்துக்கு உள்ளே பிள்ளைகள் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்க வேண்டும்.

உன் மதினி,
புவனா