கொட்டச்சேடு காலை ஏழு மணிப் பேருந்தை மீண்டும் இயக்கக் கோருதல்

அனுப்புநர்
சூ. தேவசிகாமணி,
பல்பர் கொட்டகைத் தொழிலாளி,
எஸ்டேட் லைன் வீடு எண் 6,
கொட்டச்சேடு, ஏற்காடு வழி,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் சென்ற காலை ஏழு மணிப் பேருந்து, ஆளில்லை என்று நிறுத்தப்பட்டது – அதனால் என் மனைவியின் சிகிச்சை பாதியில் நின்றது – மீண்டும் இயக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: பேருந்து நிர்வாகத்துக்கு நான் அனுப்பிய 20.6.86, 4.8.86 தேதியிட்ட மனுக்களும், 22.9.86 அன்று எனக்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்து எஸ்டேட்டின் பல்பர் கொட்டகையில் காபிப் பழம் அரைக்கும் வேலை செய்து வருகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். யார் மீதும் புகார் எழுதிப் பழக்கமில்லை. எழுத்தில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் மனைவி அற்புதத்துக்குக் காசநோய் என்று கடந்த மார்ச்சில் தெரிந்தது. ஞாயிறும் சேர்த்துத் தொண்ணூறு நாள், ஒரு நாளும் விடாமல் ஏற்காட்டுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டால் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். ஏப்ரல் எட்டாம் தேதி தொடங்கினோம். காலை ஏழு மணிப் பேருந்தில் போய், அதே பேருந்து சேலத்திலிருந்து பத்தரை மணிக்குத் திரும்பி வரும்போது அதிலேயே ஊருக்கு வந்துவிடுவோம். கண்டக்டர் ஐயாக்கண்ணு என்பவர், "அக்கா, நீங்க சன்னலோரமா உக்காருங்க, காத்து வரட்டும்" என்று தினமும் முன் சீட்டை விட்டு வைப்பார். நோய் என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

3. பேருந்து நிர்வாகத்தின் பதிலில், "இத்தடத்தில் பொதுமக்கள் ஜீப்புகளையே நம்பியிருப்பது கணக்கெடுப்பில் தெரியவந்ததால், பேருந்து இயக்குவது பயனற்றது" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு நடந்தது மே பன்னிரண்டாம் தேதி. அன்று பேருந்தில் ஒன்பது பேர் போனார்கள் என்பது உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் பேருந்து வரவே இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மூன்றாவது நாளான அந்தப் பன்னிரண்டாம் தேதி ஏழரை வரை நின்று பார்த்தோம். ஊசி தவறிவிடுமே என்ற பயத்தில் சேகர் என்பவரின் ஜீப்பில் ஏறிவிட்டோம். எங்களோடு காத்திருந்தவர்களும் ஏறினார்கள். ஜீப்பில் மொத்தம் பதினான்கு பேர். வழியில் ஒரு வளைவில், தாமதமாக எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து எதிரே வந்தது. ஐயாக்கண்ணு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி நிற்கச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் கணக்கெடுக்க வந்தவர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே இறங்கிப் பேருந்தில் ஏறியிருப்போம். நாங்கள் பதினான்கு பேரும் ஜீப்பை நம்புகிறவர்கள் என்று கணக்கில் சேர்ந்துவிட்டோம். பேருந்து நின்றுபோனதற்கு நானும் ஒரு காரணம் என்ற நினைப்பு என்னை விடுவதாயில்லை, ஐயா.

4. ஜூன் ஒன்றாம் தேதி பேருந்து நின்றது. அதற்கு முந்தைய நாள் வரை ஐம்பத்து நான்கு ஊசி முடிந்திருந்தது. பிறகு ஜீப்பில் போனோம். ஜூன் பதினோராம் தேதி, வழியில் என் மனைவிக்கு இருமல் வந்து சேலைத் தலைப்பில் இரத்தம் பட்டது. எதிரே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் போய் நின்றதும், ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். சேகர் என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங்கண்ணா, எனக்கு ஒன்னுமில்லீங்க. அக்கா ஏறுனா மத்தவங்க ஏற மாட்டேங்கறாங்க. ஆளில்லாம வண்டிய எப்பிடிங்க எடுக்கறது? தப்பா நெனைக்காதீங்க" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. மற்ற இரண்டு ஜீப்காரர்களும் அதையே சொன்னார்கள்.

ஜீப் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்து வராத நாளில் எங்களைக் காப்பாற்றியது ஜீப்தான். ஆனால் இன்னாரை ஏற்ற மாட்டேன் என்று ஜீப்காரர் சொல்லலாம். பேருந்தில் டிக்கெட் வாங்கிய யாரையும் அப்படி இறக்கிவிட முடியாது. ஒன்பது பேருக்கு ஒரு பேருந்து எதற்கு என்று கேட்கிறவர்கள், அந்த ஒன்பது பேரில் வேறு எதிலும் போக முடியாதவர் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை.

5. அன்றே நடந்தோம். எனக்கு மூன்று மணி நேர நடை. மனைவியோடு சேர்ந்து போனால் ஐந்து மணி நேரம். விடியுமுன் புறப்பட்டு ஜூன் 12, 13, 14 மூன்று நாளும் ஊசி போட்டுவிட்டோம். அறுபத்தெட்டு ஆயிற்று. பதினைந்தாம் தேதி பாதி வழியில் மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. நொம்ப முடியலீங்க. என்னைய ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஏற்காட்டிலேயே தங்கியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கடைவீதிப் பக்கம் இரண்டு வீட்டில் அறை கேட்டேன். நோயின் பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்கள். பொய் சொல்லி இருக்கலாம். எனக்கு வரவில்லை.

6. ஆகஸ்டில் பேருந்து நிர்வாகத்திலிருந்து ஓர் அலுவலர் எங்கள் ஊருக்கு வந்தார். பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்தார். அந்த நேரத்தில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். விஷயம் கேள்விப்பட்டு நான் கொட்டகையிலிருந்து ஓடி வருவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. ஏற்காட்டு லாட்ஜில் வேலை பார்த்து வந்த சாந்தி என்ற பெண், ஜீப் நிறைந்து கிளம்புவதற்குள் நேரமாகிவிடுவதால் வேலையை இழந்து இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் மட்டும் அந்த அலுவலரைப் பார்த்துப் பேசினார். "உங்க ஊர்லதான் ஜீப்பு இருக்குதேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டாராம்.

7. கடந்த மாதம் எஸ்டேட் லாரி டிரைவரைக் கெஞ்சி, மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து என் மனைவியை டாக்டரிடம் காட்டினேன். விட்ட இடத்திலிருந்து மீதி இருபத்திரண்டு ஊசியைப் போட்டால் போதாதா என்று கேட்டேன். முடியாது, முதலிலிருந்து தொண்ணூறு நாள் போட வேண்டும், டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் தொடங்க வேண்டும், இன்னொரு முறை விட்டால் இந்த மருந்து கேட்காது என்றார். தினமும் ஆள் ஏற்ற முடியாது என்று லாரிக்காரருக்கு எஸ்டேட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து அந்தப் பேருந்தைப் பதினைந்து நாள் நேரம் தவறாமல் ஓடச் செய்து, அதன் பிறகு ஆட்களை எண்ணிப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். அது முடியாவிட்டால் டிசம்பர் ஒன்று முதல் தொண்ணூறு நாளைக்கு மட்டும் விட்டுவிட்டு, பிறகு நிறுத்திக்கொள்ளட்டும். நான் மறுபடி மனு எழுத மாட்டேன். அதற்கும் வழியில்லை என்றால், என் மனைவியை ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஜீப்காரர்களுக்குத் தங்கள் கையொப்பத்தோடு ஒரு கடிதமாவது தர வேண்டும். அவர்கள் அதற்குக் கட்டுப்படுவார்களா என்பது எனக்குத் தெரியாது. வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

தங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. நேற்று மாலை என் மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "ஏனுங்க, பஸ்ஸு மனுவுக்குப் பதில் வந்துதுங்களா?" என்று கேட்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "வந்திருச்சு அற்புதம். ஒன்னாந்தேதியிலிருந்து ஓடுது" என்று சொல்லிவிட்டேன். ஒரு கும்பா கஞ்சி முழுவதும் குடித்தார். இன்று காலை, நான் தடுத்தும் கேளாமல், கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலையைத் தானே அலசிக் கொடியில் போட்டிருக்கிறார்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது, ஐயா.

இடம்: கொட்டச்சேடு
நாள்: 17.11.1986

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சூ. தேவசிகாமணி