கார்புரேட்டருக்கு அடியில் நான் வைத்த ரப்பர்

இன்று காலையில் டியூப் ஒட்டுகிற பசைக் குப்பியைத் திறந்தேன். பெட்ரோலில் கரைந்த ரப்பரின் வாடை மூக்கில் ஏறியது. குப்பியை மூடிவிட்டு முற்றத்தில் போய்க் காறித் துப்பினேன். ஏழு வருடமாக எனக்கு அந்த வாடை அப்படித்தான். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. உனக்கே எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆமாம், எழுதுகிறேன். நம்பமாட்டாய். சபைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். அறுபத்திரண்டு வயதில் போய் உட்கார்ந்தேன். நம் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. மலையாளத்தில் இருந்த கடைப் பலகைகளெல்லாம் தமிழுக்கு மாறுகின்றன. ஒவ்வொன்றாக நின்று வாசிக்கிறேன். சாமான் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரன் எழுந்து நிற்கிறான். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆனாலும் என் கை எழுதுவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிற கை உனக்கு எழுத வேண்டியதோ இந்த அசிங்கத்தை.

அருமனை ரப்பர் முதலாளியின் காரை நீ ஓட்டினாய். அந்தக் காரையும் அவருடைய இரண்டு லாரிகளையும் நான் ரிப்பேர் பார்த்தேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழாவுக்கு அவர் குடும்பத்தை நீ கூட்டிப் போன அன்று, கோயில் கூட்டத்துக்குள் எஞ்சின் தானாக ரேஸ் ஆகி அலறியது. கார் துள்ளிப் போய் ஒரு வளையல் கடையைச் சாய்த்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் கொடைக்கு வந்த ஜனமெல்லாம் முதலாளியைத் திரும்பிப் பார்த்தது. அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காரை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாய். தெருமுனையில் வரும்போதே அதன் ஊளை கேட்டது.

"ஏலே மக்கா, நான் காலை எடுத்தாலும் இது அடங்க மாட்டேங்கு," என்றாய். "மொதலாளி, ஆக்சிலேட்டர மிதிக்க எனக்க காலு கனம்னு சொல்லுதாரு. கேடு எஞ்சின்லயா, எனக்க கால்லயான்னு நாளைக்கு நீ வந்து சொல்லணுமாம். கால்லன்னா வேலையும் போச்சு, அவரு தந்த வீடும் போச்சு."

"காலைக் காட்டு, தூக்கிப் பாக்கேன். கனமா இருந்தா வெட்டிருவோம்."

நீ சிரித்தாய். நான் பானெட்டைத் தூக்கினேன். ஆக்சிலேட்டர் கம்பி தடையில்லாமல் திரும்பியது. ஸ்பிரிங் நன்றாக இழுத்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் திருகாணியை முழுக்கத் தளர்த்தினேன், அலறல் குறையவில்லை. பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் அடைத்தேன். காற்று போகாவிட்டால் எஞ்சின் நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை.

"வேற எங்கேயோ காத்துக் குடிக்கு," என்றாய்.

எண்ணெய்க் கேனை எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். கார்புரேட்டருக்கு அடியில் விட்டதும் எண்ணெய் உள்ளே போனது. அலறல் தணிந்தது. சைலென்சரில் வெள்ளைப் புகை வந்தது. நீ கைதட்டினாய். "கள்ளன் அங்கேயாக்கும்!"

நான் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தேன். அந்த மூட்டில் காற்றுப் புகாமல் கேஸ்கட் வைத்து அடைத்தவன் நான். ஒரு மாதம் முன்பு பழையது கிழிந்திருந்தது. நாகர்கோவில் போய் வாங்கச் சோம்பல்பட்டு, முதலாளி வீட்டு முற்றத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி வைத்தேன். ரப்பர்தானே, காற்றை விடாது என்ற கெட்டிக்காரத்தனம். ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கரைத்துப் பசை செய்கிறவனும் நான்தான். நான் வெட்டிய பலகையிலேயே அந்தக் குப்பி இருந்தது.

நீ கடைத்தெருவுக்குச் சாயா குடிக்கப் போனபோது கார்புரேட்டரைக் கழற்றினேன். ரப்பர் சளிபோல ஒழுகிக் கிடந்தது. பழுப்பு நிறம், புளித்த வாடை. பாதியை எஞ்சின் உறிஞ்சியிருந்தது. மீதியை விரலால் வழித்து, பழந்துணியில் சுருட்டி, பூனை தன் அசிங்கத்தை மூடுவதுபோல மண்ணைத் தள்ளி மூடினேன். கட்டி அட்டையில் புதுக் கேஸ்கட் வெட்டி, எண்ணெய் தடவி வைத்தேன். எஞ்சின் சாதுவாக முணுமுணுத்தது.

"என்னவாக்கும் கேடு?" என்று கேட்டாய்.

"திருகாணி," என்றேன்.

நீ என் கையைப் பார்த்தாய். "மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுல. விரலு ஒட்டுது," என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் முதலாளி உன்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார். "சொல்லும் வேய் மேஸ்திரி. எஞ்சினா, காலா?"

லாரிகள் இரண்டும் என் கண்முன் வந்தன, அந்த வேலையும் போய்விடுமே என்று. "எஞ்சின்ல கேடு ஒண்ணும் இல்ல மொதலாளி," என்றேன். அந்த நேரத்தில் அது பொய்கூட இல்லை; சரிசெய்து ஆயிற்றே. அதை நினைத்தால்தான் அதிகமாகக் குமட்டுகிறது. நேராகப் பொய் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாத வாய்.

நீ வீட்டைக் காலி செய்த அன்று பானை சட்டி ஏற்ற வந்தேன், வெட்கம் கெட்டவன். வண்டியில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டாய்: "கையில ஒட்டினது போச்சா?"

நான் குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.

"சாரமில்ல மக்கா, போட்டு. ஒண்ணுக்கு ரெண்டு குடும்பம் பட்டினி கெடக்கணுமா?" என்றாய்.

கடியப்பட்டணம் போய் மீன் லாரி ஓட்டினாய். அங்கேயும் உனக்குக் கனத்தகாலன் என்றுதான் பெயர். உன் அடக்கத்தன்று ஒருவன் அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் அங்கே நின்றேன்.

போன வாரம் மூன்று வரி எழுதிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். "அன்று காரில் கேடு இருந்தது. ரப்பர் கேஸ்கட் வைத்தது நான். ஓட்டியவன் காலில் குற்றம் இல்லை."

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா வந்தீரு? அந்தக் காரை வித்தே மூணு வருஷம் ஆச்சு வேய்." தாளைத் திருப்பி நீட்டினார். அவர்மேல் அருவருப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்ததே, அதன்மேல் அதைவிட அருவருப்பு வந்தது.

தாளை வாங்கிக்கொண்டு, முற்றத்தில் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினேன். எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். கடைசி வரியில் தடுக்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஷீட்டை விரித்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்: "அப்போ அவனுக்க காலு நல்ல காலுதானா?"

"நல்ல காலுதான்," என்றேன்.

தாள் இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. கடியப்பட்டணத்தில் மீன் லாரிகள் நிற்கும் இடத்திலும் இதை வாசிக்க வேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டு விரலை முகர்ந்து பார்க்கிறேன். மை வாடை. அதற்கு அடியில் அந்த வாடையும் இருக்கிறது.