ஐந்தாவது இடத்தில் ஒரு கார்னர்பேக்

ஜனவரி 11, சனிக்கிழமை, காலை 6 மணி 40. கல்லூரியா டிராஃப்டா என்று நீ முடிவு சொல்ல மிச்சம் நான்கு நாள்.

அன்பு மகன் ஜரெல்லுக்கு, இங்கே கிளீவ்லேண்டில் நானும் அம்மாவும் உன் தங்கை கியானாவும் சுகம், அரிசோனா வெயிலில் உனக்கென்ன குறை, உன் முழங்கால் சுகமா என்று மட்டும் எழுது. கியானா மூன்றாம் முயற்சியில் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அன்று சாயங்காலமே பனிக்குவியலுக்குள் காரை நட்டுவிட்டாள், தோண்டி எடுத்தது நான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கிளியோ கடைக்கு முடிவெட்டப் போனேன். நம் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணி இந்த வருஷமும் ஊத்திக்கொண்டதால், கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும் ஏப்ரல் டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக ஒருவனை எடுக்கலாம், தோற்றவனுக்குப் பரிசு தருகிற தொழில் இது ஒன்றுதான். கார்னர்பேக்கை எடுக்கணும் என்றார் கிளியோ. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பந்து பிடிக்க ஓடுகிறவனுக்கு எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும், அவனை ஒட்டி ஓடுகிற கார்னர்பேக்குக்குத் தெரியாது, அந்த வேலைக்கு அவசரப்பட்டு ஐந்தாவது இடத்தை வீணாக்காதே, பந்தை எறிகிறவன் மேல் பாய்ந்து அமுக்குகிற ஒரு தடியனை எடு என்றேன். கிளியோ மெஷினையே நிறுத்திவிட்டார். "யோவ் பெட்வே, உன் புள்ளையே கார்னர்பேக்குய்யா, சொந்த வீட்டு மேலயே கல்லு விடுறியே" என்றார். பின் நாற்காலியிலிருந்து தபால்கார ஓட்டிஸ், "பத்தொம்பது வயசுல அப்பனானவன், அவசரப்பட்டு எடுக்காதேன்னு நமக்குப் பாடம் நடத்துறான் பாரு" என்று எடுத்துவிட, கடையே சிரித்தது. பாதித் தலையோடு எழுந்து போகவும் முடியவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக், எனக்குக் கணக்கு வேண்டும். உன் பதினொரு ஆட்டத்தையும் பார்த்து, உன் பக்கம் எறிந்த பந்துகளைத் தாளில் குறித்து வைத்திருந்தேன். கடைசி ஐந்து ஆட்டத்தில் மொத்தமே ஒன்பது. பையன் விளையாட்டில் சேரவே இல்லை, இவனை யார் எடுப்பார்கள் என்று முடிவுகட்டி, திங்கட்கிழமை உன் பயிற்சியாளர் ஹோல்ப்ரூக்கைக் கூப்பிட்டு, பையனை இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். தப்பு.

வியாழக்கிழமை அந்தத் தாளை அம்மா பார்த்தாள். "ஏன் லமாண்ட், பந்து வரலன்னா அவன் தூங்குறான்னா அர்த்தம்? அவன் பக்கம் எறியப் பயப்படுறாங்க, இதுக்குப் போய் பேப்பரு பென்சிலு" என்றாள். அந்த ஐந்து ஆட்டத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். எறிகிறவன் முதலில் உன் பக்கம் பார்க்கிறான், நீ ஒட்டிக்கொண்டு நிற்கிறாய், வேறு ஆளைத் தேடுகிறான், அதற்குள் உங்கள் தடியன் வந்து அமுக்கிவிடுகிறான். பதினான்கு தடவை! அவன் வாங்கிய கைதட்டலில் பாதி உன்னுடையது. பழுதாகாத லிஃப்டுக்கு என் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது, அதை ஓடாத லிஃப்ட் என்று எழுதிவைத்த மடையன் உன் அப்பன்.

அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், டிராஃப்டுக்குப் பெயர் கொடு. பட்டத்துக்கு மிச்சமுள்ள நான்கு பாடத்தைக் கோடையில் முடித்துவிடு, முடிக்காவிட்டால் அம்மா உன்னை முதல் சுற்றிலேயே ஒரு கை பார்ப்பாள். கல்லூரியிலேயே இருக்கத்தான் ஆசை என்றால் இரு, ஆனால் என் தாளை நம்பி இருக்காதே. அம்மாவின் வெண்ணெய் கேக் தனிப் பெட்டியில் வருகிறது, தடியனுக்கும் ஒரு துண்டு கொடு. முழங்காலுக்குத் தினமும் ஐஸ் வை. கர்த்தர் உன் இரண்டு காலையும் காக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்கு இதை விரைவுத் தபாலில் போடுவேன், திங்கட்கிழமை உன் கைக்கு வரும்.
2. ஒன்பது மணிக்குக் கிளியோ கடையில் எல்லார் முன்னாலும் நான் சொன்னது தப்பு என்று சொல்வேன். சிரித்து முடிக்கட்டும், காத்திருப்பேன்.
3. திங்கட்கிழமை ஹோல்ப்ரூக்கைக் கூப்பிட்டு, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.
4. நீ பெயர் கொடுத்தால், ஏப்ரலில் டிவி முன்னால் உட்கார்ந்து, ஐந்தாவது இடத்தில் நம் அணி உன் பெயரைச் சொல்லாவிட்டால், கார்னர்பேக் அருமை தெரியாத முட்டாள்களே என்று தெருவே கேட்கத் திட்டுவேன்.

உன் அப்பா,
லமாண்ட் பெட்வே