அரூர் தியேட்டரில் விழுந்த அடி

ஞாயிறு ராத்திரி

அரூர்ல பூட்டிக் கிடந்த பழைய தியேட்டரைப் புதுசு பண்ணித் திறந்திருக்காங்க. கல்யாணமான புதுசுல நாங்க படம் பார்த்த இடம். போன மாசம்தான் கண் ஆபரேஷன் ஆன எங்க வூட்டுக்காரரை இன்னிக்கு நான்தான் ஆசையா படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சாஞ்சு உக்கார்ற சீட்டு, ஏசி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

முன் சீட்டுக்காரன் எந்திரிச்சு நின்னு செல்போன்ல திரையைப் படம் பிடிச்சான். "தம்பி, மறைக்குதுங்க, கொஞ்சம் உக்காருங்க"ன்னு இவர் மரியாதையாத்தான் சொன்னார். அவன் திரும்பி மூஞ்சியிலேயே குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம்.

"ஆபரேஷன் பண்ண கண்ணுடா!"ன்னு கத்தினேன். அதே கண்ணுல மறுபடியும் குத்தினான்.

பின்னாடி இருந்து ஒருத்தர், "சண்டையை வெளிய போய்ப் போடுங்க, படம் பார்க்கணும்"னார். ஒருத்தரும் எந்திரிக்கல.

கையில இருந்த எவர்சில்வர் தண்ணி பாட்டிலால அவன் மண்டையில அடிச்சேன். விழுந்தவனையும் விடல. ஆளுங்க வந்து இழுக்கிற வரைக்கும் அடிச்சேன்.

பார்வை மிஞ்சுமான்னு காலையில தருமபுரி ஆஸ்பத்திரியிலதான் சொல்வாங்களாம். கட்டுப் போட்ட கண்ணோட இவர், "உனக்குக் கை வலிக்குதா?"ன்னு கேக்கறார்.

வலிக்கல. அவனுக்குத் தலையில தையல் போட்டாங்களாம். பத்தாதுன்னுதான் தோணுது.