முசியேவின் வால்

அக்டோபர் 12

குருவிநத்தத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒரு மாதம் ஆகிறது. மாமனார் உலகநாதன் இன்னும் டிராக்டர் சாவியைக் கண்ணில் காட்டவில்லை. காரணம் இன்றுதான் தெரிந்தது. அவருடைய நாய். பிரெஞ்சுத் துரை மாதிரி ‘முசியே’ என்று பெயர் வைத்து, ஆளை எடைபோடும் வேலையையும் அதனிடம் கொடுத்திருக்கிறார். அது வாலாட்டினால் நல்ல ஆள். கரும்பு ஏஜெண்டுக்கே ஆட்டுகிறது. எனக்கு இல்லை.

“அப்போ பொண்ணு பாக்க வந்தன்னிக்கு?” என்று என் மனைவி கல்பனாவைக் கேட்டேன்.

“அன்னிக்கு அது ஊர் சுத்தப் போயிருந்துச்சுங்க.”

சிரிக்கிறாள்.

அக்டோபர் 19

கடலோரம் நல்லவாடு வரை போய்க் கருவாடு வாங்கிவந்து போட்டேன். தின்றது. வாயை நக்கிக்கொண்டது. வால் அசையவில்லை.

நவம்பர் 2

மானம் போச்சு. மாட்டுக் கொட்டகை வாசலில் முசியே வாலை விறைப்பாகத் தூக்கி வெடுக்வெடுக்கென்று ஆட்டியது. வீட்டையே கூப்பிட்டேன். மாமா, அத்தை, கல்பனா, பால் வாங்க வந்த சின்னபொண்ணு — எல்லார் முன்னாலும் தடவிக்கொடுக்கக் குனிந்தேன். லுங்கியைக் கவ்வியது. நான் ஓடினேன், லுங்கி வரவில்லை. நல்லவேளை, உள்ளே டவுசர்.

“இன்னா மாப்ள, அது ‘கிட்ட வராத’ன்னு சொல்லுது. பாசம்னா வாலு தளந்து, இடுப்போட சேந்து ஆடும்” என்றார் மாமா.

இதை முன்னாடியே சொன்னால் என்னவாம்?

நவம்பர் 3

சின்னபொண்ணு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 20

மழை. மாமா வெளியே போயிருந்தார். இடி இடித்ததும் முசியே வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு என் கட்டிலடியில் புகுந்தது. நான் கூப்பிடவில்லை, தொடவுமில்லை. எனக்கும் இடி என்றால் பயம்தான். இரண்டு பேரும் சும்மா கிடந்தோம்.

டிசம்பர் 27

மார்கழிப் பனி. மோட்டார் போட விடியலில் எழுந்தேன். வாசல் தகரக் கதவோரம் முசியே சுருண்டு, வாலால் மூக்கை மூடிக் கிடந்தது. அதுதான் அதற்குப் போர்வை. தாண்டிப் போகக் காலைத் தூக்கினேன். ஒரு கண் திறந்தது. மூக்கிலிருந்து வாலை எடுத்து, தகரத்தில் டப் டப்பென்று தட்டிவிட்டு, மறுபடி மூக்கை மூடிக்கொண்டது.

அந்தக் குளிரில், எனக்காக. தூக்கிய காலை இறக்க மறந்து நின்றேன், ஒரு நாய்க்குப் போய். பார்த்துச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லையே என்று இருந்தது.

உள்ளேயிருந்து மாமாவின் குரல்: “யாருக்குடா முசியே வாலத் தட்டுற?”

“நான்தான் மாமா.”

கட்டில் கிரீச்சிட்டது.

“டிராக்டர் சாவி ஆணியில மாட்டியிருக்கு பாருங்க, மாப்ள.”