காப்புக் கட்டிய ஊரில் பினாங்குக்காரி

1937 ஜூலை 6, செவ்வாய்

அயனம்பாக்கம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் பல் துலக்குவதைப் பார்க்க இன்றும் ஒரு கூட்டம். பினாங்கில் பிறந்தாலும் நானும் தமிழச்சிதான், அவர்களைப் போலவே கறுப்பிதான். ஆனால் கழுத்தோடு வெட்டிய முடியும், காலில் மேஜோடும், சைக்கிளும் போதுமாம் வேடிக்கைக்கு. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் முடியைத் தொட்டே பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, வேண்டுதலா?" இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

ஜூலை 9

பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தவள் நான். சிலேட்டுகள் வாங்கிய மேனிக்கு இருக்கின்றன. மத்தியானப் பாடத்துக்கு இன்றும் ஒருத்தியும் உட்காரவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், பினாங்கில் மழை பெய்யுமா என்று கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் நடத்துவது பள்ளிக்கூடமா, பொருட்காட்சியா?

ஜூலை 19, திங்கள்

என்னை இங்கே அனுப்பிய சேவா சபையின் செயலாளர் வீரராகவன் பட்டணத்திலிருந்து வந்தார். காலிப் பாயைப் பார்த்தார். "அடுத்த திங்கட்கிழமை வண்டியோட வரேன். அதுக்குள்ள யாரும் சேரலைன்னா பள்ளிக்கூடத்த மூடிட்டு உங்கள வேற ஊருக்கு அனுப்பறோம்."

அழுகையாக வந்தது. வேடிக்கை பார்த்தாலும் இவர்களை எனக்குப் பிடித்துப்போய்விட்டதே!

ஜூலை 25

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். ஊரெல்லாம் வேப்பிலை, மேளம். நான் பெட்டி கட்டினேன்.

ஜூலை 26

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றியும் ஆயிற்று. குப்பம்மாள் மாட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"காப்பு கட்டிக்கீது. கூழு ஊத்தற வரைக்கும் யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

"இவங்க வெளிநாடும்மா" என்றார் வீரராகவன்.

"எந்த நாடா இருந்தா இன்னா, நைனா? காப்பு கட்டசொல்ல ஊருக்குள்ள இருந்தாங்க இல்ல? அப்ப இவங்களுக்கும் சேத்துதான் கட்டினது."

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியை இறக்கினேன். இன்னும் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 28

அதிசயம்! பாய் நிரம்பிவிட்டது!

காப்பு அவிழ்க்கும்வரை இந்த ஊரில் உரலில் உலக்கை போடக்கூடாதாம். வாரத்துக்கு வேண்டிய அரிசியை முன்னாலேயே குத்தி வைத்துவிட்டார்கள். மத்தியானத்தில் யாருக்கும் வேலை இல்லை. "மத்த நாள்ல இந்நேரம் நெல்லு குத்திகினு இருப்போம்" என்றாள் நாகம்மாள். "குத்தலன்னா ராவுக்கு ஒலைல இன்னாத்த போடறது?"

ஏன் வரவில்லை என்று ஆறு வாரமாக நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர்கள்தான் கேட்டார்கள், நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மடச்சி!

ஜூலை 30

நாகம்மாள் தன் பெயரை எழுதிவிட்டாள். கடைசி எழுத்து குப்புற விழுந்து கிடக்கிறது. இருந்தாலும் நாகம்மாள்தான்.

ஆகஸ்ட் 1

கூழ் ஊற்றி முடித்தாயிற்று. நாளை உலக்கையை எடுத்துவிடுவார்கள். வண்டியும் வந்துவிடும். துக்கத்தில் மூன்று சொம்பு கூழ் குடித்தேன்.

ஆகஸ்ட் 2

மத்தியானம் வாசலில் கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் கல்லுரல் ஒன்று உருண்டு வருகிறது. தள்ளிக்கொண்டு குப்பம்மாளும் நாகம்மாளும்! பின்னால் மற்றவர்கள், உலக்கையும் நெல்லுமாக.

"ஊட்டுல குத்தறத இங்கயே குத்தறோம். ரெண்டு பேரு குத்துவோம், மத்தவங்க படிக்கட்டும். மாத்தி மாத்தி" என்றாள் குப்பம்மாள்.

வீரராகவன் வந்தபோது ஒரு பக்கம் உமி பறந்தது, ஒரு பக்கம் அ, ஆ. வேட்டியில் தவிடு படாமல் ஓரமாக நின்று பார்த்தார். பெட்டி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. வெறும் வண்டியோடு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் என் கையில் உலக்கையைக் கொடுத்தார்கள். எனக்கு வராது என்றேன்.

"ஒரல்ல தலைய குடுத்துட்டு ஒலக்கைக்கு பயந்தா ஆவுமா? குத்தும்மா!"

குத்தினேன். பாதி நெல் தரையில். எல்லாரும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.