ஒன்பது ஓட்டுக்கு யார் பொறுப்பு

நவம்பர் 23, ஞாயிறு. குதைபியா

இவர் இன்று ஆபீஸுக்குப் போய்விட்டார். அதுவே பெரிய விஷயம். நேற்று முழுவதும் சோபாவில் மல்லாந்து படுத்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைகுடாவுக்கு வந்தும், தமிழ்ச் சங்கத்துத் தலைவர் தேர்தலில் ஒன்பது ஓட்டில் தோற்றதற்கே இந்தப் பாடு. நான் சாம்பார் வைத்தேன், துணி மடித்தேன், வந்த போனையெல்லாம் எடுத்தேன். எல்லோரும் துக்கம் விசாரிக்கிற குரலிலேயே பேசுகிறார்கள். "எப்படி ஆச்சு? சார் ஏதாவது சாப்பிட்டாரா?"

நாத்தனார் திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். "பிரதமையில யாராவது எலெக்‌ஷன் வைப்பாங்களா?" ஜெயித்த அம்மையப்பனுக்கும் அதே பிரதமைதானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. லீவுக்குப் போய் நிற்கப் போவது அவள் வீட்டில்தான்.

நவம்பர் 24, திங்கள்

'வெற்றி அணி' என்ற வாட்ஸ்அப் குழு இன்று காலையிலிருந்து 'தோல்வி ஆய்வு'. பெயரை மாற்றியது பாலமுரளி. இவருக்குத் தேர்தல் வேலை முழுக்கப் பார்த்தவர் அவர்தான், அதனால் ஆய்வும் அவரே. இதுவரை பிடிபட்ட காரணங்கள்: அம்மையப்பன் போட்ட மட்டன் பிரியாணி, நாம் போட்ட எலுமிச்சை சாதம், ஹாலில் வேலை செய்யாத மைக், பிறகு ஓட்டு எண்ணியவரின் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள்.

சென்னையில் காலேஜ் படிக்கும் மஹதி, "அப்பா தோத்தது நல்லதும்மா, இனிமே வெள்ளிக்கிழமை லீவுக்காவது வீட்ல இருப்பாரு" என்கிறாள். இருந்து என்னடி செய்யப் போகிறார், இப்படித்தான் சீலிங்கைப் பார்ப்பார்.

நவம்பர் 25, செவ்வாய்

இன்றைக்குக் குற்றவாளி நான். மகளிர் அணிப் பெண்களுக்கு நான் போன் போட்டு ஓட்டு கேட்கவில்லையாம். போட்டேன். கேட்டேன். சலித்துப்போய்விட்டது, மறுத்துப் பேசவில்லை.

நவம்பர் 26, புதன்

ஒரு வழியாக ஆள் கிடைத்துவிட்டார் இவர்களுக்கு. மணிமாறன்.

அஸ்கர் ஊர்ப் பக்கம் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர். கம்பி கட்டுகிற வேலை, சிவகங்கைக்காரர். பத்து வருஷமாக சங்கத்தின் கேம்ப் பொறுப்பாளர். யாருக்காவது அடிபட்டால், யாராவது போய்ச் சேர்ந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கும் எம்பஸிக்கும் நடப்பது அவர்தான். கேம்ப் ஓட்டு முழுக்க இவருக்கு வருகிறதென்றால் அது மணிமாறன் சொன்னதற்காக வருவது. அதில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடாமலே திரும்பிப் போய்விட்டார்கள். பஸ்ஸை எடுக்கச் சொன்னது மணிமாறன். "விலைபோயிட்டான்" என்று பாலமுரளி குழுவில் எழுதியிருக்கிறார். அவரைப் பொறுப்பிலிருந்து எடுக்க நாளை மறுநாள் எங்கள் வீட்டில் கூட்டம். பஜ்ஜி நான் போட வேண்டும்.

இவர் அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

நவம்பர் 27, வியாழன்

எழுதிவைத்துவிடுகிறேன். எனக்கு நானாவது நியாயமாக இருக்க வேண்டாமா?

தேர்தல் அன்றைக்கு ஜும்மா தொழுகை முடிந்து சற்று நேரத்தில் கேம்ப் பஸ் வந்துவிட்டது. தாமதமே இல்லை. எல்லோரும் கையில் சி.பி.ஆர் அடையாளக் கார்டோடு வாசலில் நின்றார்கள். அதே நேரம் கார் காராகக் குடும்பங்களும் வந்து இறங்க, கூட்டம் முட்டியது. இவர் ஸ்டோர் ரூமுக்குப் போனார். பொங்கல் விருந்துக்கு வைப்போமே, 'ஃபேமிலி', 'பேச்சிலர்' என்று இரண்டு பலகை, இரும்புக் கால் வைத்தது, ஒன்றைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் — அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு முனையில் இவர் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டை நனைந்து, சந்தோஷமாக இருந்தார். "லேடீஸ் நிக்கிறாங்க, ஃபேமிலிய முதல்ல விடுங்கப்பா" என்று சத்தம் போட்டார்.

குடும்பம் எல்லாம் ஏசி வராந்தாவில். பேச்சிலர் எல்லாம் வெளிச்சுவர் ஓரமாக வெயிலில். பேச்சிலர் என்றால் இந்த ஊரில் கல்யாணம் ஆகாதவன் என்று இல்லை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். மணிமாறனின் மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவரும் பேச்சிலர்தான்.

வந்த குடும்பங்களில் முக்கால்வாசி அம்மையப்பனின் ஆட்கள். அவர்கள் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நானும் அதில்தான் போய்ச் சட்டென்று ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன். இந்தப் பக்கம் வரிசை ஆமையாக ஊர்ந்தது. நாலு மணிக்கு நைட் டூட்டிக்கு ஆள் ஏற்ற பஸ் கேம்ப்பில் இருக்க வேண்டும், அந்த நிபந்தனையில்தான் கேம்ப் பாஸ் ஹசன் அலி அதைக் கொடுத்தார். மணி பார்த்து, "கலாஸ், முடிஞ்சுது, ஏறுங்கப்பா" என்றார் மணிமாறன். வேறு என்ன செய்வார்? டூட்டிக்கு ஆப்சென்ட் போட்டால் ஓட்டா சோறு போடும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் கேட்டேன். "அந்த போர்டை வச்சது யாரு?"

"ஒழுங்குக்காக வச்சேன். எப்பவும் வைக்கிறதுதானே."

"நம்ம ஓட்டை வெயில்ல நிக்க வச்சுட்டு அவங்க ஓட்டை நீங்களே உள்ள விட்டிருக்கீங்க."

தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. பிறகு, "எனக்குத் தெரியாதா? நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்றார்.

மனசு கொஞ்சம் ஆறியது. தயிர் ஊற்றினேன்.

நவம்பர் 28, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 29, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அழுகையா கோபமா தெரியவில்லை.

பன்னிரண்டு பேருக்கு நாற்காலி போட்டிருந்தேன். மணிமாறன் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க உட்காருங்க என்று நான் ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பாலமுரளி வக்கீல் மாதிரி கேட்டார்.

"பஸ்ஸை எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"சாரைக் கேட்டியா?"

"இல்லைங்க. நேரமாயிருச்சு."

"ஒரு அரை மணி நேரம் நிறுத்தியிருந்தா சார் இன்னைக்குத் தலைவர். தெரியுமா?"

"தெரியுங்க."

அவ்வளவுதான். பலகையைப் பற்றி மணிமாறன் வாயே திறக்கவில்லை. நான் பஜ்ஜித் தட்டோடு கதவருகே நின்று இவரையே பார்த்தேன். இவர் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். சரி, இப்போது என்று நினைத்தேன். "சர்க்கரை கம்மியா இருக்கு" என்றார்.

நானாவது சொல்லியிருக்கலாமே? பன்னிரண்டு ஆம்பளைக்கு நடுவில் புருஷனைக் காட்டிக்கொடுக்க எனக்கு வரலை. என்ன மனுஷி நான். அவராகச் சொல்லணும்னு நெனைச்சேன், அவர் கடைசி வரைக்கும் சொல்லலை.

மணிமாறன் போகும்போது அடுக்களை வாசலில் நின்று, "போயிட்டு வர்றேங்க்கா. பஜ்ஜி நல்லா இருந்துச்சு" என்றார். அவர் பஜ்ஜி எடுக்கவே இல்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பால்கனியில் அகல் வைத்தேன், காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. இவரும் நானும் உப்பு, புளி, கரண்ட் பில் இவற்றைத் தவிர எதுவும் பேசுவதில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் கேம்ப்பிலிருந்து யாரோ அழைத்தார்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டாராம், இடுப்பில் அடி. புதிய பொறுப்பாளர் போனை எடுக்கவில்லை. நான் மணிமாறனுக்குப் போட்டேன். "நான் இப்பப் பொறுப்புல இல்லைக்கா" என்றார். குரலில் குத்தலே இல்லை, நிலவரத்தைச் சொன்னார். பின்னால் ஆஸ்பத்திரி மைக் சத்தம் கேட்டது. முன்னாடியே போய் நின்றிருக்கிறார்.

இவரிடம் சொன்னேன். குளித்துவிட்டு வந்த தலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். ஆபீஸ் இல்லாத நாள், ஆனாலும் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பாவமாக இருப்பதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதத்துக்குத் திருச்சி கிளம்புகிறேன். ரசப்பொடி, தோசைமாவு, மாத்திரை எங்கே என்று சொன்னேன். தலையாட்டினார். ஏர்போர்ட்டில் என் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 10, சனி. திருச்சி

அம்மாவின் கட்டு பிரித்தாயிற்று. என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "ஏண்டி இவ்வளவு நரைச்சிருக்கு?"

ஜனவரி 16, வெள்ளி

சங்கத்தில் இன்று பொங்கல் விருந்து. போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் போயிருக்கிறார். வீட்டில் தோசைமாவு புளித்துவிட்டதாம். சாயங்காலம் கூப்பிட்டார்.

வாசலில் புதிதாக வந்த தொண்டர் ஒருவர், இவரை யாரென்று தெரியாதவர், "சார், ஃபேமிலி வரலையா?" என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் போயிருக்காங்க என்றாராம். "அப்ப பேச்சிலர் லைன் அந்தப் பக்கம் சார்." தலைவர் மாறியிருக்கிறார், பலகை மாறவில்லை.

இவர் வெளிச்சுவர் ஓரம் போய் நின்றுவிட்டார். அம்மையப்பன் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டாராம். ரோஷத்தில் போகவில்லையோ என்று கேட்டேன். "இல்ல. நகரவே மாட்டேங்குது ஷியாமளா அந்த வரிசை. உள்ள பாயசம் வாசனை வருது. ஒரு மணி நேரம் நின்னேன்" என்றார்.

முன்னால் நின்றவர்களில் மணிமாறன் இருந்திருக்கிறார். "சார், நீங்க முன்னாடி போங்க" என்று விலகினாராம். இவர் போகவில்லை. அங்கேயே, எல்லோரும் நிற்கும்போதே சொல்லியிருக்கிறார், அன்றைக்கு போர்டை வைத்தது நான்தான், தோற்றது என்னால்தான், உன்மேல் பழி போட்டுவிட்டோம் என்று.

"எல்லாரும் கேட்டாங்களா?"

"வரிசை முழுக்கக் கேட்டுச்சு."

"பாலமுரளி?"

"அவன் உள்ள, ஃபேமிலி பக்கம்."

"மணிமாறன் என்ன சொன்னார்?"

போனில் காற்று இரைந்தது. வெளியே நின்று பேசுகிறார் போல.

"'தெரியும் சார்'னான். 'அன்னைக்கு அந்த போர்டோட இன்னொரு முனையைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்ததே நான்தானே'ன்னான்."

அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னேன், ஆனால் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.